ஒரே வாளியில் மூன்று மண்

விவசாயிகள் கொண்டுவரும் மண்ணைச் சோதித்துச் சொல்லும் ஒரு கூடத்தில் பல வருடமாக வேலை பார்ப்பவள் நான். தென்னைக்கு எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும், வாழை ஏன் குலை தள்ளவில்லை, நெல் ஏன் மஞ்சளிக்கிறது என்று கேட்டு வருவார்கள். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். வேலை பிடித்திருந்தது, உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு ஆகாது. அடுப்பில் மண் காய்வதற்குள் மூன்று தடவை வெளியே போய் வருவேன். அதனால், மலையில் ஒரு வேலை இருக்கிறது, மண்ணைப் பார்த்துச் சொன்னால் போதும் என்று ஒருத்தி வந்து கேட்டபோது, வீட்டில் யாரையும் கேட்காமல் சரி என்றுவிட்டேன்.

அவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். மரங்களைப் பற்றிப் படித்து முனைவர் பட்டம் வாங்கியவள். நாகர்கோவில்காரி. வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக மலை ஏறுவாள். பேச்சிப்பாறைக்கு மேலே, காட்டை ஒட்டிக் கிடந்த ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் பால் வற்றிய மரங்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்தச் சரிவில் மறுபடியும் காட்டு மரங்களை நட்டு வளர்க்கும் பொறுப்பை ஒரு சிறிய தொண்டு அமைப்பு ஏற்றிருந்தது. அதன் பொறுப்பாளர் அவள்தான். முதல் நாளே என்னை அக்கா என்றாள். "அக்கா, மண்ணு விசயத்துல நீங்க சொல்லதுதான். நான் கேள்வியே கேக்க மாட்டேன்" என்றாள். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது.

வைகாசித் தொடக்கத்தில் மண் எடுக்க ஏறினேன். இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். எனக்குத் துணையாக வந்தவர், பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். நடவு வேலைக்கு ஆள் கூட்டி வந்து நடத்துபவர் அவர்தான். மம்பெட்டியும் கடப்பாரையும் அவர் தோளில், பிளாஸ்டிக் வாளி என் கையில்.

வயலில் மண் எடுக்க ஒரு முறை உண்டு. குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒரு சாண் ஆழம் வெட்டி, ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு கை மண் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் வாளியில் கொட்டிக் கலக்க வேண்டும். சாக்கில் வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை எறிந்துவிட்டு மிச்சத்தை மறுபடி கலக்க வேண்டும். இப்படியே குறைத்துக்கொண்டு வந்தால் கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும். அந்த அரைக் கிலோதான் அந்த நிலம். பல வருடம் இதையே செய்தும் சொல்லிக்கொடுத்தும் வந்த கை என்னுடையது. அன்றும் அதையே செய்தது. சரிவின் உச்சியில் நான்கு குழி, நடுவில் நான்கு, கீழே ஓடையோரத்தில், அங்கத்தவர்கள் சொல்கிற தோட்டுக்கரையில், நான்கு. எல்லாம் ஒரே வாளியில்.

நான் கலக்குவதை அவர் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடமே, மேல உள்ள மண்ணும் தோட்டுக்கர மண்ணும் ஒண்ணு இல்லியே. ரெண்டையும் சேத்தா கலக்குதிய?"

"இதுதான் முறை அண்ணே."

"செரி" என்றார். நான் தலை நிமிரவில்லை. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் என் காலில் இருந்தது.

சோதனை முடிவு நன்றாகவே வந்தது. லேசான புளிப்பு, பரவாயில்லாத மட்கு, மணலும் களியும் அளவாகக் கலந்த செம்மண். நடவுக்கு ஏற்றது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆனியில் நட்டார்கள். நாங்கு, அயினி, செண்பகம், குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் எல்லாம் கலந்து, உச்சியிலிருந்து ஓடைவரை ஒரே மாதிரியாக. அவர் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பிளாஸ்டிக் பையைக் கிழித்து, வேரைத் தடவி நேராக்கி, பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல ஒவ்வொரு கன்றாக வைத்தார். நான் இரண்டு நாள் கூட நின்று பார்த்தேன். அதனால்தான் பின்னால் அவள் சொன்னது எனக்கு அப்படி உறைத்தது.

ஐப்பசி மழையிலேயே ஓடையோரக் கன்றுகள் அழுக ஆரம்பித்தன. மாசி வெயிலில் உச்சிக் கன்றுகள் காய்ந்தன. பங்குனியில் அவளும் நானும் மேலே போனபோது, சரிவின் நடுவில் மட்டும் பச்சை இருந்தது. மேலும் கீழும் குச்சிகள்தான்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "நட்டவங்க ஒழுங்கா நடல அக்கா. நடுவுல உள்ளது வழிப்பக்கம், நான் பாப்பேன்னு தெரியும், அத நல்லா வச்சிருக்காவ. மேலயும் கீழயும் கடமைக்குக் குத்திட்டுப் போயிருக்காவ. இந்த வருசம் வேற ஆள வச்சுக்கிடலாம்."

நான் காய்ந்த நாங்குக் கன்று ஒன்றைப் பிடித்து இழுத்தேன். சுலபமாக வந்துவிட்டது. வேர் ஒரு சாண் கீழே இறங்கி, அங்கிருந்து தூண்டில் முள்ளைப்போல மேலே வளைந்திருந்தது. அந்தக் குழிக்குள் கையை விட்டேன். விரல் பாறையில் முட்டியது.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் கலக்கிய அந்த அரைக் கிலோ மண் இந்தச் சரிவில் எங்குமே கிடையாது. உச்சியின் பரல்மண்ணும் ஓடையின் களியும் கலந்து, எங்கும் இல்லாத ஒரு நல்ல நிலத்தை நானே வாளிக்குள் உண்டாக்கி, அதற்குச் சான்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரே நெல், ஒரே தென்னை நிற்கிற சமதளத்துக்கு உரிய முறையை மலைச்சரிவுக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

"என்னக்கா, வேர் நல்லா இருந்துதா?" என்றாள்.

"காஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அவரோடு வந்துகொண்டிருந்தவர்களுக்கும். எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கூடத்தில் மற்றவர்களின் மண்ணை ஒன்றுக்கு இரண்டு தடவை சோதித்தேன். சோறு வடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு வீட்டுத் தோட்டத்துக்குப் போய், தென்னை மூட்டில் மம்பெட்டியால் வெட்டி, ஒரு முழம், இரண்டு முழம் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர் வெள்ளிக்கிழமை வீடியோவில் அழைத்தால், போனைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்க நடப்பேன். "ஒரு இடத்துல நில்லு பிள்ளே, எனக்குத் தல சுத்துது" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாவ அறிக்கை ஜெபத்தை எல்லாரோடும் சேர்ந்து சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏழு வாரம் அப்படிப் போனது.

எட்டாவது வாரம் ஆலயத்துக்குப் போகாமல் பேருந்து ஏறினேன்.

நடவு நடத்திய அண்ணன் ஒரு தனியார் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது வெட்டு முடிந்து, சிரட்டைகளிலிருந்து எடுத்த பாலைத் தட்டங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"ஒரு உதவி வேணும் அண்ணே. நம்ம சரிவுக்குப் பக்கத்துக் காட்டுக்குள்ள போணும். எந்த மரம் எங்க நிக்குதுன்னு பாக்கணும். மண்ணும் தோண்டிப் பாக்கணும்."

"அதுக்கு இப்பம் வேற ஆளு உண்டே."

"நீங்க வந்தாத்தான் கொள்ளாம்."

கடைசித் தட்டத்தையும் நிரப்பிவிட்டுக் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். "எனக்கும் ஒண்ணு பாக்கணும்" என்றார். "எங்க கையில உள்ள குத்தமா, வேற என்னவான்னு. சனியாச்ச வாங்க."

சனிக்கிழமை போனோம். அந்தக் காட்டுக்குள் போக எனக்கு ஏற்கெனவே அனுமதி இருந்தது. எங்கள் சரிவும் அந்தக் காடும் ஒரே மலையின் இரண்டு பக்கத்துத் தோள்கள். மழை ஒன்று, வெயில் ஒன்று, உயரம் ஒன்று. நடுவில் வேலி கூடக் கிடையாது. உச்சியிலிருந்து தொடங்கி ஓடைவரை நேராக இறங்குவது என்று முடிவு செய்தோம்.

உச்சியில் நின்றவை எல்லாம் குட்டையான மரங்கள். நெல்லி, கடுக்காய், கோணல் கோணலாக வளர்ந்த வேங்கை. காற்று தள்ளித் தள்ளி எல்லாம் கிழக்குப் பக்கம் சாய்ந்திருந்தன. இடையிடையே புல்லும் ஈச்சம் புதரும். கடப்பாரையைப் போட்டால் ஒரு சாணில் 'ணங்' என்றது. இவ்வளவு மழை பெய்கிற மலையில் இந்த மரங்கள் வறண்ட நாட்டு மரங்களைப்போல நின்றன. மழை பெய்து என்ன, தங்குவதற்கு மண் இல்லையே. பெய்த மறுநாளே அந்த இடத்துக்குக் கோடைதான்.

அறுபது எழுபது அடி இறங்கியிருப்போம். வெளிச்சம் குறைந்தது. மரங்கள் உயர்ந்துகொண்டே போயின. நாங்கும் குங்கிலியமும் அயினியும் நேராக நிமிர்ந்து நின்றன. காலடியில் இலைச் சருகு மெத்தைபோல அமுங்கியது. அங்கே இடுப்பளவு தோண்டியும் பாறை வரவில்லை. செம்மண், ஈரமாக, கையில் உருட்டினால் உருண்டது, நசுக்கினால் உதிர்ந்தது. எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் நிற்க முடியவில்லை. அவர் சருகின்மேல் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருக்க, நான் அடுத்த குழிக்கு இடம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஓடையோரத்தில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நின்றன. அவற்றின் வேர்கள் மண்ணுக்குள் போய், முழங்காலை மடக்கியதுபோல வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போயிருந்தன. மண் கறுத்துக் குழைந்து கிடந்தது.

"இஞ்ச மண்ணு ஒண்ணாந்தரம் மேடமே. கறுத்த மண்ணு. எது வச்சாலும் வளரும். பின்ன எதுக்கு நம்ம கன்னு அழுகிச்சு?" என்றார்.

தோண்டினோம். ஒரு முழத்தில் கறுப்பு முடிந்து சாம்பல் நிறக் களி வந்தது. அதில் துருப் பிடித்ததுபோல ஆரஞ்சுப் புள்ளிகள். குழியில் நீர் ஊறியது. அழுகிய முட்டை நாற்றம். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மாசக்கணக்கா வெள்ளம் கெட்டி நிக்குத மண்ணு அண்ணே. வேருக்கு மூச்சு கெடையாது. இந்த மரம் வேர வெளிய நீட்டி மூச்சு விடுது. அயினி என்ன செய்யும்?"

"அப்பம் எனக்கும் தெரியாமத்தான் இருந்திருக்கு" என்றார் அவர். குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா நம்ம ஜாதிக்காயும் இதுலதானே செத்துது?"

சுற்றிலும் பார்த்தேன். தலைக்கு மேலே இலை மூடியிருந்தது. ஓடைவரை நிழல். நாங்கள் நட்ட ஓடையோரம் வெட்டவெளி. இங்கே ஜாதிக்காய்க் கன்றுகள் எல்லாம் பெரிய மரத்தின் கீழேதான் முளைத்திருந்தன. மண் மட்டும் பார்த்தால் போதாது என்பது அப்போதுதான் புரிந்தது.

குழியை மூடும்போது சொல்லிவிட்டேன். மண்ணைக் கலக்கியது தப்பு, அந்தத் தாளை எழுதியது தப்பு, கன்று செத்தது என்னால், பங்குனியிலேயே எனக்குத் தெரியும் என்று, நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் மம்பெட்டியை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார். "அண்ணைக்கு நான் கேட்டப்பம் முறைன்னு பறஞ்சிய. நீங்களா பறையுவியளான்னு பாத்துட்டு இருந்தேன்."

"நீங்களே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"நான் பறஞ்சா ஆரு கேப்பா? நட்டவன் தப்பிக்கப் பறையுதான்னுதான் நினைப்பாவ." மண்ணை மிதித்து அழுத்தினார். "எங்கிட்ட பறஞ்சு என்னத்துக்கு? பறைய வேண்டிய இடத்துல போய்ப் பறைங்க."

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார்.

திங்கட்கிழமை காலையில் நாகர்கோவிலுக்குப் போய், அவள் மேசைமேல் மூன்று பைகளை வைத்தேன். உச்சி மண், நடுமண், ஓடை மண். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கையில் உருட்டச் சொன்னேன். முதலாவது விரலிடுக்கில் வழிந்தது. மூன்றாவது பசைபோல ஒட்டிக்கொண்டு, அரைச் சாண் நாடாவாக நீண்டது. அவள் கெட்டிக்காரி. நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பம் தெரியும் ஒங்களுக்கு?"

"பங்குனில. அந்த நாங்குக் கன்னப் பிடுங்கினேன்லா, அப்ப."

"ரெண்டு மாசமா வச்சுட்டு இருந்தியளா? நான் அவங்கள என்னெல்லாம் பேசிட்டேன்!" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தப்பு யாருக்கும் வரும். மறச்சதுதான் எனக்கு..." என்று நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

அவருக்குப் போன் போட்டு, திரும்ப வரும்படி கேட்டாள். அவர் வர மறுத்துவிட்டார். குற்றம் சொன்னது ஆட்கள் எல்லாரும் கேட்கத்தானே, அது தவறு என்பதையும் எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும் என்றாராம். அவள் அன்று மாலையே குடியிருப்புக்குப் போனாள். நானும் போனேன். வேலை முடிந்து வந்த ஆண்களும் பெண்களும் நின்றார்கள். "நடவுல ஒரு குத்தமும் இல்ல. நான் விசாரிக்காமப் பேசிட்டேன்" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் பங்கைச் சொன்னேன். கூட்டத்தில் ஒரு பெண், "ஒரு வருசப் பாடு போச்சுல்லா எங்களுக்கு" என்றாள்.

அடுத்த ஆனியில் மூன்று பட்டியல் போட்டு நட்டோம். உச்சிக்கு நெல்லி, கடுக்காய், வேங்கை. நடுவில் முதல் தடவை நடாமல் விட்ட இடங்களுக்கு நாங்கு, அயினி, குங்கிலியம். ஓடையோரத்தில் முதலில் நிழல் தரும் ஈத்தை மூங்கில் புதரும் நீர்மருதும், அவை வளர்ந்த பிறகு அவற்றின் கீழே ஜாதிக்காய். உச்சியில் ஈச்சம் புதரை வெட்டக் கூடாது என்றார் அவர். காற்றுக்கு அதுதான் மறைவு என்றார். அவள் ஒப்புக்கொண்டாள். ஒரு மூலையில் மட்டும் ஆட்கள் மறந்துபோய் வெட்டிவிட்டார்கள். அந்த மூலையில் வேங்கைக் கன்றுகள் கோடையைத் தாண்டவில்லை. மற்ற இடங்களில் பாதிக்குமேல் நிற்கின்றன.

என் ஒப்பந்தத்தை அவள் நீட்டித்தாள். சிரிப்பில்லாமல்தான். நான் மாதம் ஒரு தடவை போக வேண்டியவள், வாரம் ஒரு தடவை போகிறேன்.

போன வாரமும் போயிருந்தேன். சரிவின் நடுவில், எதுவும் சாகக் கூடாத நல்ல மண்ணில், ஒரு வண்டி அகலத்துக்கு நீளமாகக் கன்றுகள் மஞ்சளித்திருந்தன. இரண்டு பக்கமும் பச்சை. அவர் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். மண் சிமெண்டுத் தரைபோல இறுகியிருந்தது.

"தடி ஏத்த லாரி வந்த வழி இது" என்றார். "ரப்பர் மரம் வெட்டும்பம் நாளு முழுக்க ஓடிச்சு."

கடப்பாரையால் இடித்து இளக்கிவிடலாம், நான்கு ஆள் போதும், இந்த மழைக்குள்ளேயே செய்யலாம் என்றேன். வேண்டாம் என்றார் அவர். இடித்தால் மழையில் எல்லா மண்ணும் ஓடைக்குப் போய்விடும், இரண்டு வருசம் புல்லும் செடியும் தானாக வரட்டும், வேரே மண்ணை இளக்கும் என்றார்.

"ரெண்டு வருசமா? அதுவரைக்கும் இந்தக் கன்னு?"

"சாவும்."

"சாவட்டும்னு பாத்துட்டு இருக்கச் சொல்லுதியளா?"

"இருக்கத்தான் ஒங்களுக்குத் தெரியாதே" என்றார். கோபமாகத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. சாரல் கனத்தது. பேருந்து நிறுத்தம்வரை இதையே பேசிக்கொண்டு இறங்கினோம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் இல்லை. நாளை அவளும் வருகிறாள். மூன்று பேரும் அந்தத் தடத்தில் நின்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.